ஒரே ஸ்பிண்டிலில் திரும்பத் திரும்ப அறுந்தால்

அறுந்த நூலை ஒட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரைச் சுற்றியுள்ள நூல் மில்களில் என் வயதில் பாதிக்கு மேல் கழிந்திருக்கிறது. முதலில் டாஃபராக, நூல் நிறைந்த காப்ஸை மெஷினிலிருந்து எடுத்தேன். பிறகு சைடு பார்த்தேன். இப்போது புதிதாக வருகிற பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சொல்லித்தருவது கைவேலை என்றாலும், அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மனசைப் பற்றித்தான்.

"எல்லாம் தெரியுதுக்கா. செய்யணும்னுதான் வர்றேன். செய்யத்தான் மனசு வரமாட்டேங்குது."

இதை மில் வேலைக்காக மட்டும் அவர்கள் சொல்வதில்லை. ஒருத்தி பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வேண்டும் என்று புத்தகம் வாங்கி வைத்திருப்பாள். ஒருத்தி அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருப்பாள். இன்னொருத்திக்குச் சொந்தமாகத் தையல் மெஷின் வாங்க ஆசை. எல்லாம் பாதியில் நிற்கும். தன் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று ஒவ்வொருத்தியும் நம்புவாள். அந்த நம்பிக்கை தவறு என்பதை இந்தத் தொழில் எனக்குக் காட்டியிருக்கிறது. அது காட்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

வேடசந்தூர் மழையை நம்பிய சீமை. குடகனாற்றில் தண்ணீர் வந்தால் அது ஊருக்கே செய்தி. இங்கே பெயர் வாங்கிய பயிர் புகையிலை. 1948-ல் தொடங்கிய மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது. என் அம்மா புகையிலைக் காட்டில் கொழுந்து கிள்ளப் போனவர். கிணறு வற்றிய வருஷம் வேலையும் வற்றிவிடும். கரூர் ரோட்டிலும் வடமதுரை ரோட்டிலும் மில்கள் ஒவ்வொன்றாக எழும்பியபோதுதான் எரியோடு, கோவிலூர், குஜிலியம்பாறை, அய்யலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு வானத்தைப் பார்க்காத சம்பளம் என்று ஒன்று வந்தது. இன்று ஆத்துமேட்டில் எந்த நேரத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு மில் வேன் பெண்களை ஏற்றிக்கொண்டோ இறக்கிக்கொண்டோ இருக்கும். பகல் ஷிஃப்ட், அரை நைட், முழு நைட் என்றுதான் பல வீடுகளில் நாளைப் பிரிக்கிறார்கள்.

வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பஞ்சு ப்ளோரூமில் பிரிந்து, கார்டிங்கில் சீவப்பட்டு, டிராயிங், சிம்ப்ளெக்ஸ் எல்லாம் தாண்டி ரிங் ஃபிரேமுக்கு வரும்போது தடித்த திரியாக இருக்கும். ரிங் ஃபிரேம் அதை இழுத்து, மெலிய வைத்து, முறுக்கேற்றி நூலாக்குகிறது. மெஷினின் ஒரு பக்கத்தைச் சைடு என்போம். ஒரு சைடில் ஐந்நூறு, அறுநூறு ஸ்பிண்டில், அதாவது நூல் சுற்றும் கதிர், இருக்கும். ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழலும். 40-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கஜ நீளமுள்ள சிட்டம் 40 சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை வரும். அரைக் கிலோவுக்கும் குறைந்த பஞ்சிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் நூல். வேடசந்தூரில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டால் மறு நுனி திண்டுக்கல்லைத் தாண்டிவிடும்.

அவ்வளவு மெல்லிய நூல் அறத்தான் செய்யும். அறுந்ததும் முன் உருளையிலிருந்து வரும் பஞ்சைச் சக்‌ஷன் குழாய் இழுத்துக்கொள்ளும்; ஸ்பிண்டில் வெறுமனே சுற்றும். சைடு பார்க்கிறவள் அங்கே வந்து ஸ்பிண்டிலைப் பிரேக்கில் நிறுத்தி, காப்ஸில் தொலைந்த நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சிறு கம்பி வளையத்துக்குள் நுழைத்து, லாப்பெட் கொக்கியில் மாட்டி, பிரேக்கை விட்ட கையோடு நுனியை உருளையின் வாயில் காட்ட வேண்டும். பஞ்சும் நூலும் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும். இதுதான் பீஸிங். பழகிய கை சில நொடிகளில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பழகாத கைக்கு நுனியே கிடைக்காது. கிடைத்தாலும் டிராவலரில் ஏறாது. ஏறினாலும் ஒட்டாது.

புதியவள் ஓடுவாள். வலது கோடியில் ஒன்று அறுந்தால் அங்கே ஓடுவாள். அதை ஒட்டுவதற்குள் இடது கோடியில் இரண்டு அறும். இதை அப்படியே விட்டுவிட்டு அங்கே ஓடுவாள். அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கும். சைடோ முன்னைவிட மோசமாக நிற்கும். கண் கலங்கி என்னைப் பார்ப்பாள். அப்போது நான் சொல்வது ஒன்றுதான்.

"ஓடாதே தாயி, ரவுண்டு போ."

ரவுண்டு எங்கள் தொழிலின் முதல் ஒழுங்கு. கோவையில் 1956-ல் அமைந்த ஜவுளி ஆராய்ச்சி மையமான சிட்ராவில் பயிற்சி எடுத்து வந்த ஒரு மேஸ்திரி எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். ஒரு கோடியில் தொடங்கி ஒரே திசையில், ஒரே நடையில் போக வேண்டும். வழியில் அறுந்திருப்பதை ஒட்ட வேண்டும். பின்னால் அறுந்ததற்காகத் திரும்பக் கூடாது. சுற்றி வரும்போது அது உன் முன்னால் வந்தே தீரும். மக்கர் பண்ணுகிற ஒன்றிலேயே நின்றுவிடவும் கூடாது. அதை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். ரவுண்டு போகிறவள் பார்வைக்கு மெதுவாகத் தெரிவாள். ஷிஃப்ட் முடிந்து எடை போடும்போது அவள் சைடில்தான் நூல் அதிகம் இருக்கும்.

தன் சொந்தக் காரியத்தில் மனசு ஓடவில்லை என்று வருகிற பெண்ணிடம் நான் முதலில் கவனிப்பதும் இதைத்தான். குரூப் 4-க்குப் படிக்கிறவளையே எடுத்துக்கொள்வோம். தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்த மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டதும் பயத்தில் அவள் எல்லாப் பக்கமும் ஓடத் தொடங்குவாள். காலையில் இலக்கணம், மதியம் வரலாறு, ராத்திரி கணக்கு, மறுநாள் தோழி கொடுத்த வேறொரு கையேடு. ஒரு வாரத்தில் களைத்து, தனக்குப் படிப்பு வராது என்று முடிவு கட்டிவிடுவாள்.

அவளுக்கு நான் ஒரு ரவுண்டு போட்டுக்கொடுப்பேன். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் தொடங்கு. பகல் ஷிஃப்ட் வாரத்தில் நாளுக்கு ஒரு பாடம். முழு நைட் வாரத்தில் நாளுக்கு ஒரே ஒரு பக்கம். புரியாத இடத்தில் நிற்காதே, பென்சிலால் கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடு. வரிசையை மட்டும் மாற்றாதே. பத்தாம் வகுப்புப் புத்தகம் முடிந்ததும் மறுபடி ஆறாம் வகுப்புக்கு வா. இரண்டாம் சுற்றில் பாதிக் கோடுகளை அவளே அழித்துவிடுவாள். அழிக்க ரப்பரை எடுக்கும்போது அவள் முகத்தில் வருவதைத்தான் ஊக்கம் என்று நான் சொல்வேன். அது வேலை தொடங்கும் முன்னால் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

பயிற்சிக் கூடத்தில் ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் ஒரு அட்டை உண்டு. பத்து நூலை ஒட்ட எத்தனை நொடி ஆயிற்று என்று தினமும் அதில் ஒரு புள்ளி வைப்போம். முதலில் கோடு மளமளவென்று இறங்கும். பிறகு திடீரென்று படுத்துவிடும். நாள் கணக்கில் ஒரு நொடிகூடக் குறையாது. பெண்கள் பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவது அந்த நாட்களில்தான். 1897-ல் அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி ஆபரேட்டர்கள் வேலை கற்றுக்கொள்வதை வாரா வாரம் அளந்தபோதும் கோடு இப்படித்தான் படுத்தது. எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்த காது, சொல் சொல்லாகக் கேட்கப் பழகும் காலம் அது என்று அவர்கள் விளக்கினார்கள். பழகி முடிந்ததும் வேகம் மறுபடி ஏறியது. பீஸிங்கிலும் அப்படியே. தனித்தனியாக யோசித்துச் செய்த ஐந்து அசைவுகள் ஒரே அசைவாகக் கைக்குள் சேர்கிற நேரம் அது. பையைக் கட்டுகிற பெண்ணிடம் பழைய அட்டைகளை எடுத்துக் காட்டுவேன். "இந்த அக்காவுக்கும் இங்க படுத்திருக்கு பாரு. அடுத்த வாரம் எங்க இறங்கியிருக்குன்னும் பாரு." ஒருத்தியின் வேகத்தை இன்னொருத்தியோடு ஒப்பிட்டு நான் பேசியதே இல்லை. கோடு எல்லாருக்கும் படுக்கும், எல்லாருக்கும் மறுபடி இறங்கும் என்று தெரிந்தால் போதும்.

ரவுண்டு ஒழுங்காகப் போனாலும் சில சமயம் ஒரு ஸ்பிண்டில் மட்டும் ஒட்ட ஒட்ட அறும். அனுபவமில்லாதவள் அதையே மறுபடி மறுபடி ஒட்டிக்கொண்டிருப்பாள். விஷயம் தெரிந்தவள் இரண்டு சுற்று பார்த்துவிட்டு சாக்பீஸால் குறி போட்டு ஃபிட்டரைக் கூப்பிடுவாள். டிராவலர் தேய்ந்திருக்கும், ஸ்பிண்டில் மையம் விலகியிருக்கும், அல்லது ரப்பர் உருளையில் வெட்டு விழுந்திருக்கும். டிபார்ட்மென்ட் முழுக்க அறுந்தால் காற்றில் ஈரப்பதம் குறைந்திருக்கும். காரணத்தைச் சரிசெய்ததும் அதே பஞ்சு, அதே நூல் அறாமல் ஓடும். மனசு வரவில்லை என்கிற பெண்ணையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். மனசு அறுகிற இடம். காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

பலர் அந்தக் காரணத்தைத் தேடாமல் உற்சாகம் ஊட்டப் பார்க்கிறார்கள். 2023 மே மாதம் பிளஸ் 2 முடிவு வந்தபோது திண்டுக்கல் மாணவி ஒருவர் 600-க்கு 600 வாங்கினார். அப்பா தச்சுத் தொழிலாளி. எங்கள் பெண்களுக்கு அது சொந்த வீட்டுச் செய்தி. பேப்பரில் வந்த படத்தை வெட்டி ஹாஸ்டல் சுவரில் ஒட்டினார்கள். சில நாள் எல்லாரும் விழுந்து விழுந்து படித்தார்கள். பிறகு முழு நைட் வாரம் வந்தது, படிப்பு நின்றது. அந்த மாணவியின் உழைப்பு பெரியது. ஆனால் அந்த உழைப்பைத் தாங்கிக்கொள்ள ஒரு பள்ளியும், படிப்பைச் சொத்தாக நினைத்த ஒரு வீடும் நாள்தோறும் இருந்தன. எங்கள் பெண்கள் படத்தைப் பார்த்தார்கள். அந்த ஏற்பாடு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே நான் சுவரில் படம் ஒட்டுவதை நம்புவதைவிடக் காரணம் தேடுவதையே நம்புகிறேன். தேடியதில் எனக்கு அடிக்கடி அகப்பட்டவை மூன்று.

முதலாவது, அடைய நினைக்கும் காரியத்தில் அவளுக்கு என்று ஒன்றும் இல்லாதது. "எதுக்கும்மா வேலைக்கு வந்தே?" என்று கேட்டால் அப்பா கடன், அண்ணன் காலேஜ் ஃபீஸ், அக்கா பிரசவச் செலவு, தன் கல்யாண நகை என்று பதில் வரும். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து மில்களில் சுமங்கலி திட்டம் என்று ஒன்று பரவலாக இருந்தது. மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கல்யாணத்துக்கு மொத்தமாகக் கொடுப்பார்கள். பாதியில் போனவர்கள் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை. அதில் நடந்த அநியாயங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சைடு பார்த்தவளாக நான் கண்டது இன்னொன்று. மூன்று வருஷம் கழித்து வரப்போகிற பணம், அதுவும் அடுத்த வீட்டுக்குப் போகப்போகிற பணம், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண்ணின் கையை நகர்த்தாது.

குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். கை சுறுசுறுப்பானதுதான், ஆனால் ஓடாது. மாசத்தில் பல நாள் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். "உனக்குன்னு என்ன வேணும்?" என்று கேட்டேன். "எனக்குன்னா? எனக்கு என்னக்கா வேணும்?" என்றாள். நான் விடாமல் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். ஒருநாள் கேன்டீனில் தட்டைக் கழுவிக்கொண்டே, "ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கணும்க்கா. என் பேர்ல" என்றாள். தபால் ஆபீஸில் மாசம் 100 ரூபாயிலிருந்து ஆர்.டி. போடலாம். அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கணக்குத் தொடங்கினோம். பாஸ்புக்கை மடித்துப் பர்ஸில் வைத்திருப்பாள். கணக்கு முதிர்வதற்கு முன்பே ஓவர்டைம் காசில் ஒரு குட்டி வாங்கிவிட்டாள். அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் அவளே கயிற்றைப் பிடித்துப் பேரம் பேசினாள். வீட்டுக்குப் போன பணம் குறையவில்லை. தலைவலி குறைந்தது. ஆடு இன்று ஒரு சிறு மந்தையாகிவிட்டது. குடும்பத்துக்காக உழைக்கிற பெண்ணைத் தன்னலத்துக்கு இழுக்கிறேன் என்று சிலர் என்னைச் சொன்னதுண்டு. தன் பெயரும் ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிற கணக்குக்கு மனிதர்கள் எவ்வளவு உழைப்பார்கள் என்பதை அவர்கள் வந்து பார்க்கட்டும்.

இரண்டாவது காரணம் உடம்பு. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவள், காலையில் எழுந்ததும் கண் இருட்டுகிறவள், தன்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் வருகிற பெண்ணை நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ரத்தம் பார்க்கச் சொல்வேன். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு போட்டால் பலன் குறையும். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும். முருங்கைக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை; வாரத்தில் சில நாள் கீரை தட்டில் விழ வேண்டும். மாத்திரை முடித்த பிறகு வந்து, "இப்ப படிக்கத் தோணுதுக்கா" என்று சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் மன உறுதியில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

ஓய்வும் அப்படித்தான். 1923-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா பக்கம் ஒரு துணி மில். மற்ற டிபார்ட்மென்ட்களில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்தாறு பேர் வேலையை விட்டுப் போனால், ஸ்பின்னிங்கில் மட்டும் நூற்றுக்கு 250. ஒரு ஆள் வேலைக்கு வருஷத்தில் இரண்டரை ஆள் தேட வேண்டியிருந்தது. ஊக்கத்தொகைத் திட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை. எல்டன் மேயோ என்ற ஆய்வாளரை அழைத்தார்கள். நாள் முழுக்க நீண்ட சந்தில் நடந்து நடந்து நூல் ஒட்டுகிற ஆட்கள் கால் வலியிலும் மனச்சோர்விலும் கிடந்ததை அவர் கண்டார். ஷிஃப்டுக்கு நான்கு தடவை பத்து நிமிஷம் படுத்து ஓய்வெடுக்க ஏற்பாடு செய்தார். ஆட்கள் வேலையை விடுவது குறைந்தது. உற்பத்தி ஏறியது. அதுவரை எட்டாமல் இருந்த ஊக்கத்தொகை கைக்கு வந்தது. அவசரச் சரக்கு என்று மேற்பார்வையாளர் ஓய்வை நிறுத்தியதும் சில நாளில் எல்லாம் பழையபடி கீழே வந்தது. ஓய்வைத் திருப்பிக் கொடுத்ததும் மறுபடி ஏறியது. கண்டம் வேறு, காலம் வேறு. நடப்பதும் ஒட்டுவதும் எங்கள் வேலைதான்.

இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே ஐந்து மணி நேர வேலைக்கு மேல் போகாமல் இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும், நின்றே வேலை செய்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. பெண்கள் இரவில் வேலை செய்ய அதே சட்டத்தில் இருந்த தடையை 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோது, பாதுகாப்புக்கும் ஓய்வுக்கும் நிபந்தனைகளோடுதான் நீக்கியது. முழு நைட் பார்த்துவிட்டு வருகிற பெண் பகலில் தூங்க இருட்டான அறை இல்லாவிட்டால் அவள் எந்தக் குறிக்கோளையும் தூக்கி நிறுத்த முடியாது. படிப்பு நின்றுபோன பெண்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்பதுதான்.

மூன்றாவது காரணம் பயம். இதைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது சமீபத்தில்தான். 2021 ஜனவரியில் ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு இளம் பெண் கொலையானார். அதன் பிறகு பெண் தொழிலாளர்களின் சங்கம் விடாமல் போராடியதில், 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலை ஒழிப்பதற்காகத் தொழிற்சங்கம், உற்பத்தி நிறுவனம், வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் எல்லாரையும் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம் அது. உலகத்துக்கு அதன் பெயரே திண்டுக்கல் என்றுதான் தெரியும். என் தொழிலுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. மேற்பார்வையாளரின் வாய்க்கும் பார்வைக்கும் அஞ்சிக்கொண்டு நிற்கிற பெண்ணின் விரல் நடுங்கும். நடுங்குகிற விரலில் நுனி ஏறாது. கெட்ட வார்த்தை சொன்னால் வேலை வேகமாக நடக்கும் என்று நம்புகிற மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். பயந்த பெண் அடுத்த நிமிஷம் ஓடுவாள், அது உண்மை. ஆனால் அவள் ரவுண்டு போகமாட்டாள். சாயங்காலம் அறைக்குப் போனதும் புத்தகத்தை எடுக்க அவளிடம் எதுவும் மிச்சமிருக்காது.

என் கதையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பயிற்சி கொடுக்கும் வேலைக்குப் பத்தாவது தேவை என்றார்கள். தனித்தேர்வராக எழுத முடிவு செய்தேன். அரை நைட் முடிந்து வீடு சேர நள்ளிரவு தாண்டும். அந்த நேரத்தில் படிப்பது நடக்காத காரியம் என்பதால், மதியம் வேன் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். சோறு ஆக்கி இறக்கியதும் புத்தகம், வேறு எதுவும் குறுக்கே வரக் கூடாது. என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தினமும், "இன்னிக்கு எத்தனை பக்கம்?" என்று கேட்பார். ஐந்து என்றால், "சரி" என்பார். ஒன்றுமில்லை என்றால், "நாளைக்குப் படி" என்பார். திட்டியதும் இல்லை, பாராட்டியதும் இல்லை. கேட்பதை ஒருநாளும் விட்டதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டுமே என்பதற்காகவே நான் புத்தகத்தைத் திறந்த நாட்கள் உண்டு. கணக்குப் பாடம்தான் என்னை மிரட்டியது. அதையும் ரவுண்டாகவே போனேன். தேறினேன்.

அதனால் இப்போது ஒவ்வொரு பெண்ணுக்கும், கேட்பதற்கு ஒரு ஆளை நான் ஏற்பாடு செய்துவிடுவேன். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவள் போதும். அறிவுரை சொல்லக் கூடாது, ஒப்பிடக் கூடாது, எத்தனை பக்கம் என்று மட்டும் கேட்க வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. குரூப் 4-ல் தேறி அரசு வேலைக்குப் போனவர்களும் என்னிடம் பழகியவர்களில் இருக்கிறார்கள். பல முறை எழுதியும் கிடைக்காதவர்கள் அதைவிட அதிகம். கிடைக்காதவர்களில் ஒருத்தி, படித்த கணக்கையும் பழக்கத்தையும் வைத்துக்கொண்டு மில்லின் தரப் பரிசோதனைக் கூடத்துக்கு மாறிவிட்டாள். இப்போது நூல் நம்பரும் பலமும் அளப்பவள் அவள்தான். நாள்தோறும் ஒன்றைத் தொடர்ந்து செய்யப் பழகிய பெண்ணை அந்தப் பழக்கம் ஏதாவது ஒரு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

மகளிடம் ஒழுங்காக உழை என்று சொல்லுகிற பெற்றோரிடமும், ஆர்வமில்லாத பெண்கள் என்று குறை சொல்லுகிற மில்காரர்களிடமும் நான் கேட்பது பெரிய செலவு இல்லாத காரியங்கள். அடுத்த மாசத்து ஷிஃப்ட் அட்டவணையை இந்த மாசமே ஒட்டுங்கள். அப்போதுதான் அவள் தன் நேரத்தைத் திட்டமிட முடியும். ஹாஸ்டலில் விளக்கும் மேஜையும் உள்ள ஒரு அறையைப் படிப்புக்கு என்று விடுங்கள். பகல் தூக்கத்துக்கு ஜன்னலில் திரை போடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தம் பார்த்துச் சொல்லுங்கள். சம்பளத்தில் ஒரு சிறு தொகை அவள் பெயரில், அவள் நினைத்ததற்காகச் சேரட்டும். மரியாதையாகப் பேசுங்கள். இவ்வளவும் இருந்த இடங்களில் சாதாரணப் பெண்கள் அசராமல் உழைத்துத் தாங்கள் நினைத்ததை நோக்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். இவற்றைக் கொடுக்காமல் அவர்கள் மனசைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.